பிடி அரிசி

ஸ்கூட்டர் சத்தம் கேட்டு எட்டிப்பார்த்த ஜெயக்கொடிக்கு முகம் வெளுத்தது. வந்தவள் டெய்சி. வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போதெல்லாம் காணிக்கையாக ஒதுக்கும் பிடி அரிசியை ஞாயிறுதோறும் சர்ச்சில் வாங்கி வைப்பவள்.

"ஏனுங்க்கா, மூணு வாரமா உங்க பிடி அரிசி வரலீங்களே?"

"மறந்துபோட்டனுங்க."

பெருந்துறையில் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில் மூடிக் கிடப்பதை மறைத்துவிட்டாள். காணிக்கையைக்கூட வீடு தேடி வந்தா கேட்பார்கள் என்று உள்ளுக்குள் எரிந்தது. பிடி அரிசி போடும் டப்பாவின் அடியில் கிடந்த அரிசியை வழித்து வந்து நீட்டினாள்.

டெய்சி மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். பிறகு, ஸ்கூட்டரிலிருந்த அரிசி மூட்டையைத் தூக்கி வந்து வாசப்படியில் சாய்த்தாள்.

"நான் வசூலுக்கு வரலீங்க்கா. பிடி அரிசி நின்னுபோச்சுன்னா, அந்த ஊட்டுல அடுப்பு எரியலீன்னு அர்த்தம். அதைப் பாக்கத்தான் வந்தேன்."

"எங்களுக்குங்களா இத்தனையும்?"

"போன வருசம் எங்க ஊட்டுல பிடி அரிசி நின்னப்ப, நீங்கெல்லாம் குடுத்த அரிசிதானுங்க எங்களுக்கு வந்துச்சு."

ஜெயக்கொடிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. டெய்சி போனதும் மூட்டையைப் பிரித்தாள். உலைக்கு அளக்கும் முன்னால், ஒரு பிடி அள்ளி டப்பாவில் போட்டாள்.