சுட்டி ஆடு

காலையில் ஸ்டேஷன் வாசல் வேப்ப மரத்தில் மூன்று ஆடுகள் கட்டிக் கிடந்தன.

களவு போனது ஒன்றுதான்.

மூன்றும் கருப்பு வெள்ளாடு. மூன்றுக்கும் நெற்றியில் வெள்ளைச் சுட்டி. ஆறுமுகத்தாய் புகாரில் சொன்ன அதே அடையாளம்.

கோவில்பட்டிக்குப் புதிதாக வந்த எஸ்.ஐ. கிருஷ்ணப்ரியா ஆடுகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். செயின் பறிப்பு, கஞ்சா, பார் சண்டை எல்லாம் பார்த்தாயிற்று. போனதைவிட அதிகமாகத் திரும்பி வந்த களவை எந்த டிரெய்னிங்கிலும் சொல்லித் தரவில்லை.

வாசல் கேமரா செத்து வெகுநாளாகிறது. அது ஊருக்கே தெரியும்.

போன வாரம் ஆறுமுகத்தாய் இதே மரத்தடியில் நின்று, கடைத்தெரு வரை கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள். செவ்வாய்க்கிழமை உச்சிக்குள் ஆடு வராவிட்டால் கோயிலில் காசு வெட்டிப் போட்டுச் சாபம் விட்டுவிடுவாளாம். எடுத்தவன் குலம் தழைக்காதாம். இந்தப் பக்கம் போலீசுக்குப் பயப்படாதவனும் காசு வெட்டுக்குப் பயப்படுவான்.

இன்று செவ்வாய்.

"பயந்து கொண்டுவந்து கட்டினா ஒண்ணுதானே வரணும், ஏட்டையா? மூணு எப்படி?"

ஏட்டு லிங்கராஜ் ஆடுகளை மறுபடி எண்ணினார். அவருக்கும் அதுதான் குழப்பம்.

ஆறுமுகத்தாய் வந்தாள். காணாமல் போனது சினை ஆடு. அவளுக்கு இருந்ததே அந்த ஒன்றுதான்.

முதல் ஆட்டின் வயிற்றைத் தடவினாள். சினை இல்லை. இரண்டாவதன் காதைப் புரட்டிப் பார்த்து, இதுவும் இல்லை என்று தள்ளிவிட்டாள். மூன்றாவதன் நெற்றியைத் தேய்த்தாள். சுட்டி விரலோடு வந்தது. சுண்ணாம்பு.

"இதுல ஒண்ணுகூட எம் ஆடு இல்லம்மா. எந்த மகராசன்மாரு கட்டிட்டுப் போனாவளோ."

முந்தியில் முடிந்திருந்த காசை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, கோயிலுக்குப் போக பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள்.

கட்டியவன் எவன் என்று உடனே தெரிந்தாக வேண்டும் என்றார் கிருஷ்ணப்ரியா.

சரி மேடம் என்று சொல்லிவிட்டு லிங்கராஜ் வலது கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். நகக்கண்ணில் சுண்ணாம்பு இன்னும் போகவில்லை.

எட்டயபுரம் சந்தைக்கு அவர் போனபோது சுட்டி வைத்த கருப்பு ஆடு இல்லை. இருந்த இரண்டையும் யாரோ ஆளுக்கொன்றாக ஓட்டிப் போய்விட்டதாக வியாபாரி சொன்னான். அப்படி என்ன அவசரமோ என்று அப்போது நினைத்தார்.

இப்போது புரிந்தது. ஊரில் இன்னும் இரண்டு பேருக்கும் அவரவர் வீட்டுப் பிள்ளை மேல் சந்தேகம்.

மகன் விஜயராஜின் பைக்கில் ஆட்டுப் புழுக்கை கிடந்ததைப் பார்த்த நாளிலிருந்து லிங்கராஜுக்குச் சோறு இறங்கவில்லை. கள்ளப்பயல்களையெல்லாம் ஒரு அதட்டலில் கக்க வைத்த மனுஷனுக்கு, பெற்ற பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை. ஆடு வாங்குவது சுலபமாக இருந்தது.

ஒரே மகன்.

ஆறுமுகத்தாய் தெருமுனைக்குப் போய்விட்டாள். லிங்கராஜ் காக்கிச் சட்டையோடு ஓடிப்போய் அவள் முன்னால் நின்றார். மூச்சு வாங்கியது.

"எம்மா, கொஞ்சம் பொறுங்க. எம் பிள்ளைட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்."

அவள் காசை மறுபடி முந்தியில் முடிந்துகொண்டு, அங்கேயே ஓரமாக உட்கார்ந்தாள்.