மைனாவுக்குப் பயந்த காலம்

நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய வயலில் ஒரு மைனா வந்து இறங்கியது. கூட்டில் அதன் குஞ்சுகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன. ஈர மண்மேல் ஒரு மண்புழு ஓடாமல் கிடந்தது. மைனா அதைக் காலால் அமுக்கிக்கொண்டது.

"மைனாக்கா, என்னைக் குஞ்சுங்களுக்குக் கொடுத்துடாதீங்க" என்றது புழு.

"எல்லாப் புழுவும் இதைத்தான் சொல்லும்."

"நிலக்கரி கழுவுன தண்ணி இந்த வாய்க்கால்லதான் வருது. நான் தின்னுற மண்ணெல்லாம் காரீய விஷம். அது என் உடம்புலயே தங்கிப்போச்சு."

"பொன் விளையுற பூமின்னு சொல்வாங்களே!"

"சொன்னவங்களே இப்ப அரிசியை வெளியூர்லதான் வாங்குறாங்க."

மைனா நம்பவில்லை. புழுவின் நுனியை லேசாகக் கடித்துப் பார்த்தது. பழைய சாவியைக் கடித்தது போலிருந்தது. காலை எடுத்துவிட்டது.

"முன்னெல்லாம் ஏர் ஓட்டும்போது நாங்க பின்னாடியே நடந்து வருவோம். உங்க ஆளுங்க அலறியடிச்சுக்கிட்டு ஓடுவாங்க" என்றது மைனா. "அப்ப என்ன ருசிங்கிற!"

"உங்க நிழல் பட்டாலே நான் குழிக்குள்ள இறங்கிடுவேன்" என்றது புழு.

இரண்டும் சிரித்தன. பிறகு மைனா வேறு வயல் தேடிப் பறந்துபோனது.

இனி யாரும் கொத்த வராத அந்த வயலில், பட்டப்பகலில், புழு காலாட்டாத குறையாக நீட்டி நிமிர்ந்து படுத்தது. கொஞ்ச நேரத்தில் மேலே ஒரு நிழல் விழுந்தது. பழைய ஞாபகத்தில் சடாரென்று குழிக்குள் பாய்ந்தது. ஒரு கணம் அதற்கு அவ்வளவு சந்தோஷம்.

எட்டிப் பார்த்தால், வெறும் மேகம்.