சாத்துக்குடிப் பை

இப்போதெல்லாம் எவனும் ஒரு தடவை அசடு வழிந்ததோடு சும்மா இருப்பதில்லை. முதல் சந்திப்பு சொதப்பினால் பார்த்தவர் மண்டையிலிருந்து அந்த நினைவைக் கருவி வைத்து அழித்துவிட்டு, புதிதாக வந்து நிற்கிறான் என்பது வையாபுரியின் எரிச்சல்.

மகள் தேன்மலர் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட இளம்பரிதி அன்று பெண் கேட்டு வந்தான். ரொம்பக் கூச்சப்படுவான் என்று சொல்லி வைத்திருந்தாள். வந்தவனோ கால் ஆடும் நாற்காலியைப் பார்க்காமலே ஒதுக்கிவிட்டு அடுத்ததில் உட்கார்ந்தான். "மாமாவுக்குச் சர்க்கரை வேண்டாங்க" என்று காப்பியை அவனே எடுத்து நீட்டினான்.

வையாபுரிக்கு உறுத்தியது. அவன் கொண்டுவந்த சாத்துக்குடிப் பையை வைக்க பிரிட்ஜைத் திறந்தார். உள்ளே அதே கடைப் பைகள் ஆறு இருந்தன.

"ஏம்ப்பா, இது ஏழாவது தடவையா?"

இளம்பரிதி பதறி எழுந்தான். "எ... எட்டாவதுங்க மாமா. ஒரு பையை நீங்க தின்னுட்டீங்க."

சொல்லிக்கொண்டே அவன் கிட்டே வந்ததில், கையிலிருந்த டம்ளர் காப்பி அவர் வேட்டியில் கொட்டியது. தேன்மலர் அவசரமாக நினைவை அழிக்கும் கருவியை எடுத்தாள்.

"அதைக் கீழ வை கண்ணு. இன்னைக்குத்தான் நிஜப் பையனையே பாக்கறேன்."

"பிடிச்சிருக்குங்களாப்பா?"

"அதெப்படி இப்பவே சொல்றது?" வையாபுரி வேட்டியை உதறிக்கொண்டு உள்ளே நடந்தார். "அடுத்த தடவையாவது வேற பழம் வாங்கிட்டு வரச் சொல்லு."