பெரட்டுக்கு ஒரு முகம்

"கண்ண மூடுக்கா, மாவு உள்ள போயிரும்," என்று சொல்லிக்கொண்டே பெத்தம்மாள், முனியாயியின் நெற்றியில் பெடாக்கைக் குழைத்துப் பூசினாள். மலாய்க்காரப் பெண்கள் முகத்தில் பூசிக்கொள்ளும் அரிசிமாவு உருண்டை அது. கூடப் பிறந்தவள்கூட அவ்வளவு பதமாகப் பூசியிருக்க மாட்டாள்.

முனியாயி விரலில் கொஞ்சம் தொட்டு முகர்ந்து பார்த்தாள். "இதப் பூசினா சுருக்கம் போயிருமா?"

"பத்து வயசு கொறையும்க்கா. ராத்திரி பூசிக்கிட்டுக் காலையில கழுவிரு."

முனியாயி ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். பிறகு மாவுக் கிண்ணத்தை அப்படியே வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

மலாய் நாட்டில், செலண்டார் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் முகம்தான் சோறு போட்டது. ரப்பர் விலை விழுந்து ஆள் குறைக்கிற காலம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் துரை வரிசையாக முகம் பார்த்துக்கொண்டே வருவார். பிறந்த வருஷம் யாருக்குத் தெரியும்? சுருக்கத்தை வைத்துத்தான் வயது. கிழடு என்று பிரம்பை நீட்டிவிட்டால், தோட்டச் செலவிலேயே கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

பெண்களில் இன்னும் ஒருத்தியைக் கழிக்கப்போகிறார்கள் என்று கங்காணி சொல்லியிருந்தார். வயதானவர்கள் என்று மிஞ்சியிருந்ததே இரண்டு பேர். மரம் சீவும் பெத்தம்மாள் ஒருத்தி, ஸ்டோரில் ரப்பர் பாலை உறைய வைக்கும் முனியாயி ஒருத்தி.

பெத்தம்மாளுக்கு ஊரில் ஒரு குருவிகூடச் சொந்தமில்லை. மகன் பிச்சைமுத்து இந்தத் தோட்டத்தில் இருந்தான். புருஷனைப் புதைத்த மண்ணும் இதுதான். முனியாயிக்காவது ஊரில் கட்டிக்கொடுத்த மகள் இருக்கிறாள். இதையே திரும்பத் திரும்பச் சொல்லி மனத்தை வழிக்குக் கொண்டுவந்த பெத்தம்மாள், முனியாயிக்கென்று குழைத்த மாவில் மட்டும் ரப்பர் பாலைத் திரிய வைக்கும் ஆசிட்டை இரண்டு சொட்டு விட்டாள். அது பட்ட தோல் எப்படி வறண்டுபோகும் என்று தோட்டத்தில் தெரியாதவர்கள் கிடையாது.

சீக்கிரமே முனியாயியின் கன்னம், மிஷினில் போட்டு அழுத்திய ரப்பர் ஷீட்டுபோல வரி வரியாகிவிட்டது. இரண்டு சொட்டுக்கு இவ்வளவா என்று பெத்தம்மாள் நடுங்கினாள். மாரியம்மன் கோயிலில் திருநீற்றைத் தொட்டவள், மாவு கலக்கிய விரல் இதுதானே என்று கையை இறக்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே முனியாயியின் லயத்து வீட்டுக்குப் போய், மாவு புளித்துப்போயிருக்கும், திருப்பிக் கொடுத்துவிடு என்று கெஞ்சினாள்.

"எனக்கு இதுதான் ஒத்துக்குதுலா," என்று சொல்லிவிட்டு முனியாயி கிண்ணத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

அடுத்த பெரட்டில் துரையின் பிரம்பு தயங்கவே இல்லை. முனியாயிக்கு நேராக நீண்டது. பெத்தம்மாளின் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் காப்பாற்றி வைத்திருந்த பளபளப்பான முகம் வேர்வையில் நனைந்தது.

துறைமுகத்துக்குப் போகும் லாரியில் முனியாயி மூட்டையோடு ஏறி உட்கார்ந்தபோது, பெத்தம்மாளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. ஓடிப்போய் லாரிப் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அந்த மாவுல நான் ரெண்டு சொட்டு ஆசிட் கலந்தேன். என் மூஞ்சியில காறித் துப்பிட்டுப் போ."

முனியாயி துப்பவில்லை. வெடித்த உதடு வலிக்குமே என்ற பயம்கூட இல்லாமல் சிரித்தாள்.

"வருசக்கணக்கா அந்த ஆசிட்ட ஊத்துறவ நானு. எனக்கு வாசம் தெரியாதா, புள்ள? மகளப் பாக்க நானாப் போறேன்னா, கப்பல் காசுக்கு எங்க போவேன்?"

லாரி உறுமிக் கிளம்பியது. முனியாயி குனிந்து, முந்தானையால் பெத்தம்மாளின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"ரெண்டு சொட்டு பத்தலைன்னு, நாந்தான்டி இன்னும் கொஞ்சம் ஊத்திக்கிட்டேன்."