ரெக்சலின் கையிலிருந்த தக்கை

மார்கழிக் காற்று முற்றுமுன் ஊரே சேர்ந்து தன் வள்ளங்களை இடுப்பளவுத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தது. மிதக்கும் வள்ளத்தைத்தான் காற்று கரையில் அடித்து உடைக்கும். மூழ்கிக் கிடப்பதை அதனால் தொட முடியாது. ரெக்சலின் தன் வள்ளத்தில் பாறாங்கற்களை ஏற்றிவிட்டு, அடித்துளையின் தக்கையைப் பிடுங்கினாள். புயல் முகாமுக்கு அழைக்க வந்த அதிகாரி பதறினார்.

“ஏம்மா, நீங்களே முக்குறீங்க?”

“நான் முக்குனா நானே தூக்கிக்கிடுவேன் சார். காத்து ஒடச்சா ஆரு தருவா?”

அன்று முகாமின் கூரைத் தகரங்கள் பிய்ந்து பறந்தபோது எல்லோரும் சுவரோரம் ஒடுங்கினார்கள். அவள் மட்டும் எழுந்துபோய்க் கதவைத் திறந்து, முகத்தில் அறைந்த காற்றுக்கு முன்னால் மூடிய கையை நீட்டினாள்.

“தக்கை இங்கதான் இருக்கு. ஏலும்னா வந்து பிடுங்கு.”

காற்று கதவைப் பிய்த்துக்கொண்டு போனது. நீட்டிய கை மடங்கவில்லை.