சொல்ல முடியாத விண்ணப்பம்

வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வந்தவர்கள் போதகர், அவர் மனைவி, பேக்கரிக்காரர். வீட்டுக்காரி தையற்காரம்மாவோடு நாலே பேர். ஒன்பது வருடத்துக்கு முன், அவள் மகன் செத்த புதிதில், இதே வீட்டுக் கூடத்தில் நாற்காலி போதவில்லை.

ஜெபிக்குமுன் ஒவ்வொருவரும் தம் விண்ணப்பத்தைச் சொல்வது வழக்கம்.

"என் மகன்மேல வண்டிய ஏத்திட்டு நிக்காம போனவன் கிடைக்கணும்" என்றாள் தையற்காரம்மா.

"போலீஸே ஃபைலை மூடிட்டாங்கம்மா" என்றார் போதகர், அலுப்போடு.

"கர்த்தர் மூடலையே ஐயா."

"எனக்கு அதே சொல்ல முடியாத விண்ணப்பம்தான்" என்றார் பேக்கரிக்காரர்.

"ஒன்பது வருஷமா இதே பல்லவி! ஆண்டவருக்கே மறந்திருக்கும்" என்று போதகர் மனைவி சிரித்தாள்.

தையற்காரம்மா சிரிக்கவில்லை. எல்லா வெள்ளியும்போல பேக்கரிக்காரருக்காகவும் மன்றாடினாள். "ஆண்டவரே, இந்தத் தம்பி கேக்கறதை இன்னைக்காவது குடும்."

ஆமென் சொல்லியும் பேக்கரிக்காரர் முழங்காலிலிருந்து எழவில்லை.

"குடுத்துட்டாரு, அக்கா. உங்ககிட்ட உண்மையச் சொல்லத் தைரியம் கேட்டேன். அந்த வண்டிய ஓட்டினது நான்தான்."

"ஸ்டேஷனுக்குப் போறேன்" என்று அவர் எழுந்தார். தையற்காரம்மா கதவைத் திறந்துவிட்டாள்.

இனி ஆண்டவரிடம் கேட்க அவளுக்கு ஒன்றுமில்லை. பேக்கரிக்காரர் வாசலைத் தாண்டியதும் கதவைச் சாத்தித் தாழிட்டாள்.