தெய்வமணியின் படலை

யோகேஸ்வரன் ஒரு கோர்வை மணலை மீனோடு வேலிப் படலைக்கு வெளியே நிற்கிறான். ஐம்பது வயதில், கல்லடியில் வேறொருத்தியோடு மூன்று மாதம் இருந்துவிட்டு வந்திருக்கிறான். எங்கட பக்கம் வீடு பெண்ணின் சீதனம். பெண்சாதி தெய்வமணி விட்டால்தான் உள்ளே போகலாம். வாவி வெயில் அவன் வழுக்கையில் மினுங்குகிறது. பக்கத்து வளவில் கிழிஞ்ச வலை பொத்துகிற எனக்கு அவனில் நம்பிக்கையில்லை. “ஏன், அவள் துரத்திப்போட்டாளோ?” தெய்வமணி முற்றம் கூட்டியபடி கேட்கிறாள். “நானாத்தான் வந்தன். அவளுக்கு மீன் வெட்டத் தெரியா.” “அப்ப, நான் வெட்டவோ?” “இல்ல, நானே வெட்டுறன்.” அவள் கத்தியையும் சட்டியையும் வேலிக்கு மேலால் நீட்டுகிறாள். “வெளியில இருந்தே வெட்டுங்க.” அவன் குந்தியிருந்து வெட்டுகிறான்; செதில் பறந்து தலையில் ஒட்டுகிறது. அவள் திரும்பி நின்று சிரிக்கிறாள், தோள் குலுங்குகிறது. இவளையும் நம்பேலாது. படலைக் கயிற்றை விடியவே அவிழ்த்து வைத்தவள் இவள்தான். அந்த மடையன் இன்னும் தள்ளிப் பார்க்கவில்லை.